ஐட்லிங்கில் தூங்கும் பாப்பா

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை மத்தியானம். எங்கள் வீட்டு வாசல் வேப்பமரத்தடியில் கார் ஓடிக்கொண்டிருந்தது. ஓடிக்கொண்டிருந்தது என்றால்... எஞ்சின் மட்டும். சக்கரம் அசையவில்லை.

ரோட்டில் போன பக்கத்து வீட்டுப் பெரியம்மா நின்றார்.

“ஏனம்மிணி, எங்க கெளம்பீட்டீங்க?”

“எங்கயும் இல்லீங்க பெரீம்மா. பாப்பா தூங்குது.”

அவர் காரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “படிச்சவங்க ஊட்டுல தூளி கட்டறதில்லையாட்ட இருக்குது” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

தூளி கட்டாமல் இருப்போமா? கட்டினோம். அம்மாவின் பழைய காட்டன் சேலையில், நல்ல மெத்தென்று. பாப்பா அதில் படுத்து, விட்டத்தை ஒரு முறை முறைத்துப் பார்த்து, ஊரைக் கூட்டினாள்.

பாப்பா யார் என்று சொல்லிவிடுகிறேன். என் அக்கா நித்யாவின் மகள். நாலு மாதம். தலைப்பிரசவம் என்பதால் அக்கா எங்கள் வீட்டில், புதுச்சத்திரத்தில், இருக்கிறாள். மாமா ரிக் வண்டியோடு வடக்கே போர்வெல் போடப் போயிருக்கிறார். அக்காவின் மாமியார் வீடு பரமத்தி வேலூர். நான்? ஆட்டோமொபைல் படித்துவிட்டு, சேலத்தில் ஒரு சர்வீஸ் சென்டரில் அடுத்தவர் கார்களுக்கு நாடி பிடிக்கிறவள். வாரக் கடைசியில் பஸ் பிடித்து வீட்டுக்கு ஓடி வந்துவிடுவேன்.

பாப்பாவின் ரகசியத்தைக் கண்டுபிடித்தது அக்காதான். நாமக்கல்லில் தடுப்பூசி போட்டுத் திரும்பும்போது, அழுது அழுது ஓய்ந்த பாப்பா கார் கிளம்பியதும் தூங்கிவிட்டாள். சிக்னலில் நின்றோம். எழுந்து கத்தினாள். பச்சை விழுந்தது. தூங்கினாள். அடுத்த சிக்னல். மறுபடி கத்தல். கார் நின்றால் எழுகிறாள் என்று நான் நினைத்தேன். “இல்லடி... எஞ்சின் நின்னா எந்திரிக்கறா” என்றாள் அக்கா.

சரிதான்! எங்கள் காரில் ஒரு வசதி உண்டு. சிக்னலில் நின்றால் எஞ்சின் தானாக அணைந்துவிடும். கிளட்சை மிதித்தால் தானாகக் கிளம்பும். பெட்ரோலை மிச்சம் பிடிக்க யாரோ மண்டையை உடைத்துக் கண்டுபிடித்தது. எங்கள் வீட்டில் அதுதான் முதல் எதிரி. பட்டனை அமுக்கி அதை அணைத்தோம். பாப்பா வீடுவரை தூங்கினாள். வாசலில் நின்றபிறகும் தூங்கினாள் — எஞ்சினை நிறுத்தாதவரை.

அன்றிலிருந்து ஆரம்பித்ததுதான் இந்த வேப்பமரத்தடிக் கச்சேரி. பெட்ரோல் வீண், புகை வேறு — திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஒன்று மட்டும் கேளுங்கள்: மூடிய ஷெட்டுக்குள் இதை ஒருபோதும் செய்யாதீர்கள். அந்தப் புகை ஆளைக் கொல்லும். நாங்கள் திறந்த வாசலில், சைலன்சரைக் காட்டுப் பக்கம் திருப்பி, வெளியே ஒருவர் விழித்திருந்துதான் செய்தோம்.

காருக்குள் பாப்பா மட்டும் தூங்கவில்லை. பின் சீட்டில், பாப்பாவின் தொட்டில் சீட்டில் ஒரு கையை வைத்தபடி, அக்காவும் தூங்குவாள். அவளுக்கு நாளில் கிடைத்த ஒழுங்கான தூக்கம் அது ஒன்றுதான்.

அக்கா ராசிபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் டீச்சர். கல்யாணத்துக்கு முன் இதே காரைத் தினமும் ஓட்டிப் போய் வந்தவள். வாயைத் திறந்தால் மூடமாட்டாள். இப்போது எது கேட்டாலும் “ம்” மட்டும்தான். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருக்கும். டாக்டரம்மா எல்லாம் பார்த்துவிட்டு, “மருந்தெல்லாம் வேண்டாம்மா, தூக்கம்தான் வேணும்” என்றார். அது எந்த மருந்துக்கடையில் கிடைக்கிறது?

வீட்டுக்கு ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர்கள், வந்தால் ஆளுக்கொரு வேலை சொல்வார்கள். “நித்யா, சும்மாதான இருக்கற? இந்த மொளகாய்க்குக் கொஞ்சம் காம்பு கிள்ளு.” அம்மாவும் சொல்வாள். ஐந்தாம் மாதம் வேலூர்க்காரர்கள் வந்து தாயையும் பிள்ளையையும் அழைத்துப் போவதாகப் பேச்சு. அந்தப் பேச்சை எடுத்தால் அக்கா வேண்டாம் என்றும் சொல்வதில்லை, சரி என்றும் சொல்வதில்லை. ஜன்னலைப் பார்ப்பாள்.

சும்மா இருப்பது என்றதும் எனக்கு ஐட்லிங்தான் ஞாபகம் வருகிறது. (கார் பேச்சு வந்தே தீரும் என்று எதிர்பார்த்தீர்கள்தானே?)

கால் ஆக்சிலேட்டரில் இல்லை. கியரும் விழவில்லை. ஆனாலும் எஞ்சின் அணையாமல், திமிறாமல், ஒரே சீராக முனகிக்கொண்டு நிற்கிறது. சும்மா நிற்கிறது என்று நினைக்கிறோம். சும்மாவா?

அப்பாவின் பழைய லாரியில் இதற்குப் பெயர் ‘ஸ்லோ’. அதற்கென்று ஒரு ஸ்குரு உண்டு. இந்தப் பக்கம் திருகினால் ஏறும், அந்தப் பக்கம் திருகினால் இறங்கும். முடிந்தது வேலை. இந்தக் காரில் அந்த ஸ்குருவே கிடையாது. ஆக்சிலேட்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் கேபிள்கூடக் கிடையாது. காற்று நுழையும் குழாயில் வட்டமாக ஒரு தட்டு. அதைத் திறந்து மூட ஒரு சின்ன மோட்டார். மோட்டாருக்கு உத்தரவு போட ஒரு கம்ப்யூட்டர். ஐட்லிங்கில் தட்டு மயிரிழை அளவுக்குத்தான் திறந்திருக்கும்.

இப்போது ஏசி கம்ப்ரஸர் சேர்கிறது. எஞ்சின்மேல் பாரம். அமுங்கப் பார்க்கிறது. உடனே கம்ப்யூட்டர் தட்டை இன்னும் ஒரு துளி திறக்கிறது. காற்று வந்து சேரக் கொஞ்சம் தாமதமாகுமே? அதுவரை ஸ்பார்க் விழும் நேரத்தை முன்னே பின்னே நகர்த்திச் சமாளிக்கிறது. ஃபேன் சுற்றினால் ஒரு கணக்கு. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் ஒரு கணக்கு. விநாடிக்கு விநாடி இத்தனை பதற்றமும் உள்ளே. வெளியே மீட்டரில் முள் அசைவதில்லை.

எங்கள் காரில் டர்போவும் உண்டு; அது உதவாதா என்று கேட்பீர்கள். உதவாது. எஞ்சின் வெளியே தள்ளும் புகையின் வேகத்தில் சுற்றி, அதன் பலத்தில் காற்றை உள்ளே திணிப்பதுதான் டர்போவின் வேலை. நிற்கிற வண்டியில் புகைக்கு வேகம் ஏது? அது சோம்பலாகச் சுற்றிக்கொண்டு இருக்கும். ஓடும்போது திணித்துவிட ஆள் உண்டு; நிற்கும்போது எஞ்சின் தன் மூச்சைத் தானேதான் இழுத்தாக வேண்டும். அதனால் அந்தத் தட்டைத் தாண்டி இருக்கும் குழாய்களுக்கு டர்போ காரில் இரட்டைப் பாடு. நிற்கும்போது உள்ளே உறிஞ்சும் இழுப்பைத் தாங்க வேண்டும். மிதிக்கும்போது வெளியே தள்ளும் அழுத்தத்தைத் தாங்க வேண்டும். இதை மறந்துவிடாதீர்கள், சீக்கிரமே தேவைப்படும்.

இனி அப்பா.

லாரிக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வண்டியை அணைக்கும் முன் ஆக்சிலேட்டரை ஒரு மிதி. உர்ர்ர்... அந்த உறுமலோடு ஆஃப். இதற்கு ‘ரைஸ் கொடுப்பது’ என்று பெயர். “அப்பத்தான் மறுக்கா சுளுவா ஸ்டார்ட் எடுக்கும்” என்பார். லாரியில் என்னவோ, இந்தக் காரில் அது டர்போவுக்கு ஆகாது. மிதித்ததும் டர்போ விர்ரென்று சுழலும். எஞ்சினை அணைத்ததும் அதற்குப் போகும் ஆயில் நின்றுவிடும். ஓடிக்கொண்டிருப்பவனின் வாயிலிருந்து தண்ணீர்ச் செம்பைப் பிடுங்குகிற மாதிரி. ஒவ்வொரு வாரமும் எங்களுக்குள் இதே சண்டை.

“அப்பா! ரைஸ் குடுக்காதீங்க!”

“நானெங்க குடுத்தேன்? காலு தானாப் போவுது சாமி.”

போன வெள்ளிக்கிழமை, நான் சேலத்தில் இருந்தபோது, அப்பாவுக்குப் பேத்தி பாசம் பொங்கிவிட்டது. மூன்று சிலிண்டர் எஞ்சின் இல்லையா, ஐட்லிங்கில் லேசாக நடுங்கும். ஸ்லோவைக் கொஞ்சம் ஏற்றி வைத்தால் பாப்பா அசந்து தூங்குவாள் என்று தோன்றியிருக்கிறது. பானெட்டைத் திறந்து ஸ்குருவைத் தேடியிருக்கிறார். ஒரு லாரிக்காரர் மட்டுமே தேடக்கூடிய ஸ்குரு அது.

மறுநாள் காலை அம்மா போன் செய்தாள். “அம்மிணி, வெரசா வா. பாப்பாவுக்குத் தாலாட்டு வெக்கறேன்னு உங்கொப்பா கார ஒப்பாரி வெக்க உட்டுட்டாரு.”

வந்து பார்த்தேன். ஒப்பாரியேதான். ஊம்ம்ம்... என்று ஏறுகிறது. அணையப் போகிற மாதிரி விழுகிறது. பதறி மறுபடி ஏறுகிறது. மீட்டர் முள் ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தது.

அப்பா தூரத்தில் தண்ணீர்த் தொட்டி விளிம்பில், யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். அக்கா காரின் பின்சக்கரத்தில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். தோளில் பாப்பா வீறிட்டுக்கொண்டிருந்தாள். அக்கா அழவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் வந்துகொண்டிருந்தது.

“எனக்குத் தூங்கோணும்டி” என்றாள். “வேற ஒண்ணுமே வேண்டாம்.”

பையைக்கூட இறக்கி வைக்காமல் பானெட்டைத் திறந்தேன்.

“என்னப்பா பண்ணுனீங்க?”

“ஸ்குருவத் தேடுனேன் சாமி. காணோம்.”

“இருந்தாத்தானுங்கப்பா காணாமப் போறதுக்கு!”

“அந்தத் தட்டு கரியேறிக் கெடந்துது. ஸ்ப்ரே அடிச்சுத் தொடச்சு உட்டேன். நான் கெட்டதுக்கா பண்ணுனேன்?”

சமையலறை ஜன்னலிலிருந்து அம்மா: “நல்லதுக்குப் பண்ணுனாத்தான் நம்மூட்டுல இப்பிடி ஆவும்!”

எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்துவிட்டதாக நினைத்தேன். தட்டில் கரி சேரச் சேர, காற்று வரும் வழி சுருங்கும். கம்ப்யூட்டர் அதைக் கவனித்து, யாரிடமும் புகார் சொல்லாமல், தட்டை இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று திறந்து சமாளிக்கப் பழகிவிடும். வருஷக்கணக்கில் பழகியது. திடீரென்று ஒருவர் வந்து பளபளவென்று துடைத்துவிட்டால்? பழைய பழக்கத்தில் அதே அளவு திறக்கும், காற்று கொட்டும், தடுமாறும். நல்லது செய்திருந்தாலும் அது மறுபடி கற்றுக்கொள்ள அவகாசம் கொடுத்தாக வேண்டும்.

காரின் கம்ப்யூட்டரோடு பேசும் ஸ்கேனரைப் பையிலிருந்து எடுத்து மாட்டி, பழைய பாடத்தை அழித்து, எதையும் தொடாமல் ஓட விட்டேன். ஊஞ்சல் கொஞ்சம் அடங்கியது. நிற்கவில்லை. கணக்கில் வராத காற்று எங்கிருந்தோ நுழைகிறது என்றது ஸ்கேனர். எங்கிருந்து? அது சொல்லாது.

நான் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன். பாப்பாவைத் தோளில் தட்டியபடி அக்கா எழுந்து வந்தாள்.

“சத்தம் வேற மாதிரி இருக்குதுடி.”

“அதான் ஏறி ஏறி எறங்குதே.”

“அது இல்ல. ஏசி சேர்ந்தா முன்னெல்லாம் ஒரு மூச்சு இழுத்துட்டு நிக்கும். தெனமும் கேக்கறேனே. இப்ப ஏசி போடாமயே மூச்சு வாங்குது.” தலையைச் சாய்த்தாள். “இக்கட்ட வா. இங்க... உஸ்ஸுன்னு கேக்குதா?”

பாப்பாவின் அழுகைக்கு நடுவே எனக்கு ஒரு உஸ்ஸும் கேட்கவில்லை. அக்கா விரலை நீட்டிய இடத்தில் குனிந்தேன். தட்டைத் தாண்டிப் போகும் ஒரு மெல்லிய ரப்பர் குழாய். அதன் நுனியில், கிளிப்புக்குக் கீழே, நகம் அளவுக்கு ஒரு விரிசல். சூட்டில் இறுகிப்போன ரப்பர். தட்டைத் துடைக்க அப்பா அதைக் கழற்றும்போது இழுத்த இழுப்பில் வாய் பிளந்திருக்கிறது. விரலால் மூடினேன்.

ஊஞ்சல் நின்றது.

நான் அக்காவைப் பார்த்தேன். இத்தனை நாள் இந்தக் காருக்குள் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தவள், அதன் ஒவ்வொரு மூச்சையும் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். அவளுடைய மூச்சை நாங்கள் யாராவது கேட்டோமா?

“அப்பா, வாங்க. ஒரு பிளேடு வேணும்.”

தொட்டி விளிம்பிலிருந்து அவர் எழுந்து வந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே! குழாயில் நீளம் மிச்சம் இருந்தது. விரிசல் விட்ட நுனியை மட்டும் அப்பா நறுக்கி, மிச்சத்தை இழுத்துச் சொருகி, லாரிக் காலத்துத் தகர டப்பாவிலிருந்து ஒரு கிளிப்பை எடுத்து இறுக்கினார். புதுக் குழாய் வரும்வரை தாங்கும். எஞ்சின் சீராக முனகியது. ஏசியைப் போட்டேன். ஒரு மூச்சு, நிதானம்.

“வேலை இன்னும் முடியலீங்கப்பா. மிதிச்சுப் பாக்கோணும். டர்போ ஊதறப்ப அந்தக் குழாய் பிச்சுக்குதான்னு தெரியோணும்.”

“நான் ஓட்டறேன்” என்றாள் அக்கா.

எல்லோரும் திரும்பினோம். அம்மா கரண்டியோடு வெளியே வந்தாள். “பச்சொடம்புக்காரி...”

“நாலு மாசமாச்சும்மா. பால் குடுத்துட்டேன். சித்த புடிங்க.” பாப்பாவை அம்மா கையில் கொடுத்துவிட்டு, சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறினாள்.

நாமக்கல் பக்கம் ஹைவேயில் ஏறினோம். முதலில் பயந்து பயந்து ஓட்டினாள். ரோடு காலியானதும் மூன்றாவது கியரில் வைத்து, “மிதிக்கட்டுமா?” என்றாள். மிதித்தாள். டர்போ விழித்துக்கொண்டு சீறியது; சீட் முதுகில் வந்து மோதியது. உஸ் இல்லை, ஒன்றும் இல்லை. குழாய் தாங்கியது. அக்கா சிரித்தாள். சத்தம் போட்டு. எத்தனை நாளாயிற்று இந்தச் சிரிப்பைக் கேட்டு!

“மறந்தே போச்சுன்னு நெனச்சேன்டி.”

“ஓட்டறதையா?”

“என்னைய.”

திரும்பி வந்து வாசலில் நுழைந்தபோதே பாப்பாவின் அழுகை கேட்டது. காரை நிறுத்திய கையோடு அக்கா சாவியைத் திருப்பப் போனாள். அப்பா கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

“ஆஃப் பண்ணாத, ஆஃப் பண்ணாத! மிதிச்சு ஓட்டியாந்த வண்டி. டர்போ கொதிச்சுட்டு இருக்கும். சித்த நேரம் ஸ்லோவுல உட்டு ஆற வெச்சுத்தான் நிறுத்தோணும்!”

நான் வாயைப் பிளந்தேன். ஆளைப் பாருங்கள்! நான் வாராவாரம் தொண்டை கிழியச் சொன்னதெல்லாம் காதில் விழுந்துதான் இருக்கிறது.

அக்காவின் கை சாவியிலேயே நின்றது. கீழே இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

“ஓடியாந்த டர்போவுக்குச் சித்த நேரம் குடுக்கோணும்னு நம்மூட்டுல எல்லாத்துக்கும் தெரியுது. ஏனுங்கப்பா... நானும் ஓடித்தானுங்க வந்திருக்கறேன்?”

எஞ்சின் மட்டும் முனகிக்கொண்டிருந்தது. ஏசி சேர்ந்தது. ஒரு மூச்சு இழுத்து, நின்றது.

அப்பா அம்மாவிடம் போனார். பாப்பாவை வாங்கினார். காருக்கு வந்து, அவருக்குத் தெரிந்த அளவில் தொட்டில் சீட்டில் படுக்க வைத்தார். பெல்ட்டை நான்தான் மாட்டினேன். அக்கா இறங்கியதும் டிரைவர் சீட்டில் அவர் ஏறிக்கொண்டார்.

“உள்ள போய்ப் படு சாமி. பாலுக்கு அழுதா மட்டும் எழுப்பறோம். மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கறோம்.” கொஞ்சம் யோசித்துச் சேர்த்துக்கொண்டார்: “எந்த ஸ்குருவையும் தொட மாட்டேன்.”

அக்கா உள்ளே போனாள். கட்டிலில். காலை நீட்டி. ஃபேனுக்குக் கீழே. கதவைச் சாத்தினேன்.

ஓடுவதைத்தான் நாம் பார்க்கிறோம், கைதட்டுகிறோம். அணையாமல், அலறாமல் ஒரே இடத்தில் நிற்பதற்கு உள்ளே எவ்வளவு வேலை நடக்கிறது என்று யார் பார்க்கிறார்கள்? என் படிப்பில் அதற்கு ஒரு முழுப் பாடமே உண்டு. என் வீட்டில் அதே பாடம் இத்தனை நாளாகப் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தது. நான் முன் பக்கம் பானெட்டைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் சாய்கிற நேரத்தில் அக்காவின் போன் அடித்தது. வேலூரிலிருந்து அவள் மாமியார். அம்மா ஓடிப்போய் எடுத்துவந்து உட்கார்ந்தாள். மடியில் முறம்; முறத்தில் மிளகாய்; காம்பை அவளே கிள்ளிக்கொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

“தூங்குதுங்க சம்பந்தி... ஆமாங்க, அப்பப் படுத்ததுதானுங்க. எழுப்பலீங்க... நல்ல நாளு அப்பறம் பாத்துக்கலாங்க. புள்ள நல்லாத் தூங்கித் தெளியட்டும். எப்ப வாரேன்னு அதே சொல்லட்டுங்க.”

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, அம்மாவின் முகம் மலர்ந்தது. “அதானுங்களே... நம்மளும் பெத்து வளத்தவங்கதானுங்களே” என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெளியே எஞ்சின் சத்தம் இல்லை. பாப்பாவின் சத்தமும் இல்லை! அடித்துப் பிடித்து ஓடினேன்.

நாலு கண்ணாடியும் இறக்கியிருந்தது. வேப்பங்காற்று உள்ளே புகுந்து வெளியே போனது. சாவி ஆஃபில் இருந்தது. உறுமல் கேட்டிருந்தால் நான் உள்ளே இருந்தே கத்தியிருப்பேன், கேட்கவே இல்லை. ரைஸ் கொடுக்காமல், சூடு ஆற விட்டு, பாப்பாவுக்கே தெரியாமல் அணைத்திருக்கிறார்.

எஞ்சின் நின்ற காரில் முதல் முறையாகப் பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்து, கை இரண்டும் தலைக்கு மேலே போட்டு, சுகமாக.

முன் சீட்டில் அப்பாவின் குறட்டை, ஏறாமல் இறங்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

ஐட்லிங் கொஞ்சம் ரஃப்தான்... ஆனால் ஸ்குரு தேட மாட்டேன்.